வான்கோழி வால் காளானின் அடிப்பக்கம்

பெங்களூரில் செப்டம்பர் மழை இரண்டு வாரம் விடாமல் பெய்துவிட்டால், ஈரம் காயாத மரத்தடி எதிலும் ஏதேனும் ஒரு காளான் அடுக்கடுக்காக முளைத்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜே.பி. நகரில் எங்கள் தெருமுனையில் காற்றில் முறிந்து விழுந்து அள்ளப்படாமலே கிடந்த குல்மோகர் தடி ஒன்றில், பழுப்பும் சாம்பலும் மாறிமாறி வளையமிட்ட மெல்லிய விசிறிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். படம் எடுத்துச் செல்பேசிச் செயலி ஒன்றிடம் கேட்டபோது, ‘டர்க்கி டெயில்’ என்று அது தயக்கமின்றிச் சொன்னது. மறுநாளே மருத்துவக் குணமுள்ள காளானைக் கண்டுபிடித்துவிட்டதாக நண்பர்களிடம் பெருமையடித்தும் விட்டேன். அது டர்க்கி டெயில் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று.

டர்க்கி டெயில் என்பது வான்கோழியின் வால். சேவல் வான்கோழி வாலை விரிக்கும்போது தெரியும் வண்ணப் பட்டைகளைப் போல இந்தக் காளானின் மேற்பரப்பில் வளையங்கள் ஓடுவதால் அந்தப் பெயர் வந்தது. அறிவியல் பெயர் டிராமெட்டிஸ் வெர்சிகலர். 1753-இல் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டபோதே, பல நிறங்கொண்டது என்ற பொருளில் ‘வெர்சிகலர்’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. தமிழில் வழக்கிலுள்ள பெயர் எதையும் நான் கேட்டதில்லையாகையால், வான்கோழி வால் காளான் என்றே எழுதுகிறேன். மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிய கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு, இங்கே வான்கோழியே அசலாகி, அதைப் பார்த்துப் பத்துப் பதினைந்து போலிகள் வால் விரித்து ஆடுவது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

போலிகளிடம் ஏமாறுவதற்குக் காரணம், நாம் எல்லோரும் மேற்பக்கத்தையே பார்ப்பதுதான். வளையங்களும் நிறங்களும் மேலே இருக்கின்றன. படத்தில் அழகாக விழுவதும் அவைதான். ஆனால் வளையமிட்ட மேற்பரப்பு மரக்காளான்கள் பலவற்றுக்குப் பொது. இனத்தைச் சொல்லுவது பெரும்பாலும் அடிப்பக்கமே. வான்கோழி வாலின் அடிப்பக்கம் வெள்ளையாகவோ இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளையாகவோ இருக்கும். அதில் ஊசிமுனையால் குத்தியது போன்ற நுண்துளைகள் நெருக்கமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மூன்று முதல் ஐந்து துளைகள் வரை எண்ணலாம். வெறுங்கண்ணால் இதைச் செய்ய இயலாது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியையும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் அளவுகோலையும் சேர்த்துப் பிடித்து, மில்லிமீட்டர்க் கோடுகள் இரண்டுக்கு நடுவே எத்தனை துளைகள் விழுகின்றன என்று நான்கைந்து இடங்களில் எண்ணுவேன். கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்துதான்.

என் குல்மோகர் தடிக் காளானை ஓராண்டு கழித்து, அதே தடியில் அது மீண்டும் வந்தபோது திருப்பிப் பார்த்தேன். துளைகள் வெறுங்கண்ணுக்கே தேனடை அறைகளைப் போலத் தெரிந்தன. அது ஹெக்சகோனியா வகை. தென்னிந்தியாவின் காய்ந்த கிளைகளில் மிகச் சாதாரணமாக வளர்வது. அதற்கு அடுத்த மாதமே இன்னொன்றிடம் ஏமாறவிருந்தேன். செம்பழுப்பும் ஆரஞ்சும் கலந்து, அசலைவிட அழகாக வளையமிட்டிருந்த அதன் அடிப்பக்கத்தில் துளை ஒன்றுகூட இல்லை. வழித்துப் பூசிய சுவரைப் போல வழவழவென்று இருந்தது. அது ஸ்டீரியம், பொய் வான்கோழி வால் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால், வளையங்களோடு புனல் போன்ற வடிவமும் மஞ்சள் அடியுள்ள காம்பும் கொண்ட மைக்ரோபோரஸ் கண்ணில் படும். காம்பு இருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வான்கோழி வாலுக்குக் காம்பு கிடையாது, மரத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடிப்பக்கம் தேறிய பிறகுதான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். தடிமன் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது. புதிதாக இருக்கும்போது தோல்வாரைப் போல வளையும், ஒடியாது. மேற்பரப்பை விரல் நுனியால் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தடவினால், மென்மயிர் உள்ள பட்டையும் பட்டுப்போல் வழுக்கும் பட்டையும் மாறிமாறி வருவதை உணரலாம். நிறம் பழுப்பு, சாம்பல், நீலச்சாம்பல், கருப்பு என எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்தடுத்த வளையங்கள் தம்முள் தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும். மேற்பரப்பு முழுவதும் சாம்பல் மயிராக இருந்தால், பெரும்பாலும் அது இதன் உறவினமான டிராமெட்டிஸ் ஹிர்சூட்டா.

லால்பாகிலும் கப்பன் பூங்காவிலும் எதையும் பறிக்கக் கூடாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே குறுக்கே நிற்கும். பறிக்காமல் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு நான் பின்பற்றும் வழி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் காளானுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தைச் செல்பேசியால் படம் எடுப்பது. லால்பாகில் ஒருமுறை இப்படிக் குனிந்து கிடந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் கம்மல் ஏதும் தொலைந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானும் தேடத் தொடங்கிவிட்டார்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிய காளான் எனக்குக் கிடைத்தது நகரத்தில் அல்ல. குடகில் நண்பரின் காப்பித் தோட்டத்தில், நிழலுக்காக வளர்த்து வெட்டிய சில்வர் ஓக் தடிகளில். நுண்ணோக்கியில் வித்துகளைப் பார்க்காதவரை நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். காளான் இருந்த இடத்தில் மரம் வெளுத்து, நார் நாராகி, ஊறிய பஞ்சைப் போல அமுங்கியது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் இந்தப் பூஞ்சை சிதைத்து மரத்தை வெளிறச் செய்வதால், இதற்கு வெண்ணழுகல் என்று பெயர். அந்த வேலையைச் செய்யும் லாக்கேஸ் என்ற நொதி செயற்கைச் சாயங்களையும் சிதைக்க வல்லது என்பதால், சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஆய்வுகளில் இந்தக் காளான் தொடர்ந்து இடம்பெறுகிறது. நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடியதைப் பார்த்து வளர்ந்த திருப்பூர்க்காரனான எனக்கு, இதன் மருந்துப் புகழைவிட இந்தச் செய்திதான் மனத்தில் தங்கியது.

இனிப் பயன்பாடு. தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததை அம்மாவிடம் காட்டினேன். இடிக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளானைக் குழம்பு வைத்தே பழகியவர் அவர். ஒரு துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, “இதைத் தின்னோணும்னா பல்லைத்தான் அடகு வெக்கோணும், கண்ணு” என்றார். உண்மைதான், இது உணவுக் காளான் அன்று. கஷாயமாக மட்டுமே பயன்படும். அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக உள்ள இளங்காளானை எடுத்து, பச்சைப் பாசி படர்ந்ததையும் பூச்சி துளைத்ததையும் ஒதுக்கிவிட்டு, மரத்தூளை உதறி, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை உலர்த்த வேண்டும். மிக்சியில் பொடிக்க முயன்றேன்; பொடியாவதற்குப் பதில் இலவம்பஞ்சைப் போல நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு மணி நேரமாவது சிறு தீயில் கொதிக்கவிடுவதே சரி. மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் பீட்டா குளுக்கன் முதலிய பொருள்கள் வெந்நீரில்தான் இறங்கும். சுவை ஈரமண்ணும் லேசான கசப்புமாக இருக்கும். நான் சுக்கு தட்டிப்போட்டுக் குடித்தேன். உடம்பில் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை.

சாலையோர மரத்தில் முளைத்ததை, அது அசலே ஆனாலும், நான் கொதிக்கவைக்க மாட்டேன். காளான்கள் கன உலோகங்களைத் தம்முள் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. நம் ஊர்ச் சாலைப் புகை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்து என்ற பேச்சில் கவனம் வேண்டும். சீனாவில் இது நெடுங்காலமாக மரபு மருந்து. ஜப்பானில் இதிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்ற பொருள் 1970-களிலேயே அரசின் ஒப்புதல் பெற்று, புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சைகளோடு துணைமருந்தாகத் தரப்பட்டது. அந்தச் சிகிச்சைகளுக்கு மாற்றாக அன்று என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மேலும், ஆலையில் பிரித்தெடுத்து அளவிட்டுத் தந்த பொருளும் நம் அடுப்பில் கொதிக்கும் கஷாயமும் ஒன்றல்ல. உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

காட்டுக்குப் போக இயலாதவர்கள் இணையத்தில் வாங்குகிறார்கள். நானும் ஒரு டப்பா வாங்கினேன். விலை அதிகம், உள்ளே இருந்த மாவு சத்துமாவைப் போல லேசான இனிப்பு மணத்தோடு இருந்தது. சந்தேகப்பட்டு, டப்பா மாவையும் குடகுக் காளான் துண்டுகளையும் தனித்தனியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒவ்வொரு நீரிலும் மருந்துக்கடை அயோடினை இரண்டு சொட்டு விட்டேன். காளான் நீர் அயோடினின் பழுப்பாகவே நின்றது; டப்பா நீர் நொடியில் கருநீலமாயிற்று. அது மாச்சத்தின் அடையாளம். தானியத்தில் பூசண இழைகளை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடும் பொருள்களில் இப்படித்தான் ஆகும். டப்பாவை மறுபடி பார்த்தபோது, பூசண இழையைக் குறிக்கும் ‘மைசீலியம்’ என்ற சொல் பின்புறத்தில், அடிக்கோடியில், என் உருப்பெருக்கி தேவைப்படும் அளவு எழுத்தில் இருந்தது.