முந்தின வசனம்

பல வருடங்களாக வேதாகமத்தைத் தனியாகவே வாசித்தேன். கற்றுத்தரப் பரிசுத்த ஆவியானவர் இருக்க ஆசிரியர் எதற்கு என்று நம்பினேன். நான் உங்களுக்கு நினைத்திருப்பது தீமையல்ல, சமாதானமே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எனக்கென்றே எழுதிய வாக்குத்தத்தம் என்று சுவரில் மாட்டியிருந்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த வயதான உபதேசியார் அதைப் பார்த்தார். "முந்தின வசனத்தையும் வாசி தம்பி" என்றார். பாபிலோனில் 70 வருடம் ஆன பிறகே ஊர் திரும்புவீர்கள் என்றிருந்தது! அங்கே சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதிய கடிதம் அது. கேட்டவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள்! அன்றிரவு நான் தூங்கவில்லை. வசனம் முன்னைவிடக் கனத்தது.

புதிய ஏற்பாட்டில் பெரோயா பட்டணத்தார் தாங்களே தினமும் வேதத்தை ஆராய்ந்தார்களே என்று வாதாடியவன் நான். அவர்களும் அப்போஸ்தலன் பவுல் போதித்ததைக் கேட்டுத்தானே ஆராய்ந்தார்கள்?

இப்போதும் விடியற்காலையில் தனியாகத்தான் வாசிக்கிறேன். புரியாத இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறேன்.