மஸ்கெலியா வாசலுக்கு ஒரு தொலைநோக்கி

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் வானம் பார்க்க வாய்ப்பான காலம் தையிலிருந்து பங்குனி வரைக்கும்தான். வைகாசியில் தென்மேல் மழை பிடித்துவிட்டால் நட்சத்திரத்தைக் காண்பதே அரிது. தொலைநோக்கி வாங்குவதென்றால் இப்போதே வாங்க வேண்டும். "மாமா, சனியோட வளையம் தெரியுமா?" என்று அக்கா மகள் ஓயாமல் கேட்கிறாள். சனி சூரியனை நெருங்கி மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது; வளையமும் மார்ச்சில் விளிம்பை மட்டும் காட்டப்போகிறது. இப்போதைக்கு அவளுக்கு வியாழன்தான்.

கொழும்புக் கடையொன்றில் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டியைக் காட்டினார்கள். உள்ளே இருப்பது ஒளியைத் திரட்டும் 76 மி.மீ. ஆடி, அதாவது குழிக்கண்ணாடி. ஆடியின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான உச்சப் பெருக்கம். இதற்கு 150 தேறும். அதற்கு மேலே போனால் உருவம் பெரிதாகும், ஆனால் கலங்கி மங்கிவிடும். நான் பார்க்கப்போவது அகலத்தைத்தான்.

பெப்ரவரி 6, வியாழன்

தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஆடிக்குப் பதில் வில்லை (லென்ஸ்) வைத்த தன் 70 மி.மீ. தொலைநோக்கியை இரவல் தந்தார். முதலில் சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகளுக்குத் திருப்பினேன். வில்லை நல்ல வில்லை. முக்காலிதான் மெலிசு. உருவத்தைத் தெளிவாக்கும் குவியத் திருகைத் தொட்டாலே விளக்கு வரிசை முழுக்க ஆடுகிறது. அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் வானம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் வியாழனுக்கும் நடுவே நிலா. நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். கோள்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகின்றன. அவ்வளவு உயரத்துக்குத் திருப்பினால் குழாய் முக்காலியின் காலில் இடிக்கிறது, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்பா ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டு அறிவுரைகளில் இந்தச் சங்கடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். முழுநிலா, வானம் வெளுத்துக் கிடக்கிறது. தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கிகளில், துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து நிறுத்தும் வகையைப் பற்றி வாசித்தேன். நமக்கு அந்த நட்சத்திரமே அடிவானத்திலிருந்து 7 பாகைதான், அதையும் எங்கள் வடக்கு மலை மறைக்கிறது. வேண்டாம்.

பெப்ரவரி 22, சனி

நான் வாங்கிய தொலைநோக்கி, ஸ்கை-வாட்சர் ஹெரிட்டேஜ் 130பி, வந்துவிட்டது. 130 மி.மீ. ஆடி, 650 மி.மீ. குவியத்தூரம். முக்காலியே இல்லை, வட்டப் பலகை மேல் சுழலும் டாப்சன் தாங்கி. ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் தெருவோர மக்களுக்கு வானம் காட்டப் பரப்பிய முறை இது. கையால் தள்ளு, நிறுத்து, பார். அவ்வளவுதான்.

மேசையில் வைத்தேன், ஆடியது. துவைகல் மேல் வைத்தேன், அசையவில்லை. பார்வைத்துண்டு குழாயின் மேல்முனையில் இருப்பதால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் அளவால் வகுத்தால் பெருக்கம்: 25 மி.மீ. பார்வைத்துண்டில் 26 மடங்கு, 10 மி.மீ.யில் 65. ஓரியன் முகில் என்ற வாயுமேகம் சிறகு விரித்த மாதிரி. பெருக்கத்தைக் கூட்டினால் நடுவே நாலு சின்ன நட்சத்திரங்கள் பிரிந்து நிற்கின்றன. வியாழன் நகர்ந்துகொண்டே போகிறது. "மாமா, நான் தள்ளவா?" என்றாள் அக்கா மகள். நானே ஆச்சரியப்படும்படி மெதுவாகத் தள்ளி அதை நடுவிலேயே வைத்திருந்தாள். வியாழன் மேல் ஓடும் இரண்டு மேகப் பட்டைகளையும் அவளே கண்டுபிடித்தாள்.

எனக்கு இதன் பெரிய குணம், எடை ஆறு கிலோ சொச்சம் என்பதுதான். இங்கே மூடுபனி விலகினால் அரைமணி நேரம் வானம் கிடைக்கும், பிறகு மூடிவிடும். அந்த நேரத்தில் தாங்கி பூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரே தூக்கில் வாசலுக்கு வர வேண்டும். இதற்கும் கையில் காசு இல்லாதவர்கள் 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. வில்லை) பைனாகுலர் வாங்குங்கள், மனதாரச் சொல்கிறேன்.

மார்ச் 1, சனி

மேற்கே மெல்லிய நிலா, அதற்கு மேலே வெள்ளி. தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளியும் பிறை! அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள்.

குழாயின் நடுப்பகுதி திறந்தே இருக்கிறது. தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) வெளிச்சம் உள்ளே புகுகிறது, பனியும் இறங்குகிறது. கறுப்புத் தாளை உருட்டிச் சுற்றியதும் இரண்டும் குறைந்தன. ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் ஆறவிட்டுத்தான் மூடி போடுகிறேன். மாத்திரைக் குப்பிகளில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைக்கும்படி மருந்துக்கடைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.