பரணில் கிடந்த மாதா

ஜூலை மாதத் தமிழர் திருயாத்திரைக்காக லண்டனிலிருந்து வால்சிங்கம் திருத்தலத்து மாதாவிடம் போய்க்கொண்டிருந்தோம். தெட்ஃபோர்டைத் தாண்டியதும் வேனை ஈஸ்ட் ஹார்லிங் கிராமத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

"அது ஆங்கிலிக்கன் கோவில், நம் கத்தோலிக்கக் கோவில் இல்லை அக்கா. அங்கே என்ன இருக்கிறது?" என்றான் ஓட்டி வந்த தம்பி.

"மாதா இருக்கிறாள், வா."

புனித பேதுரு, பவுல் ஆலயம். பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சாளரம் நிறைய 15ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி. நாரிச் கைவினைஞர்களின் வேலை. மங்கள வார்த்தை, எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது, பாலன் பிறப்பு, கோவிலில் காணிக்கை, காணாமற்போய்க் கண்டடைந்தது என்று ஜெபமாலையில் தியானிக்கும் சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்தும் அங்கேயே இருந்தன. ஜெபமாலையை எடுத்தேன். புத்தகம் தேவைப்படவில்லை. அடியில் கவசம் அணிந்த பிரபுக்கள் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். இருவரும் ஆன் ஹார்லிங் என்ற ஒரே சீமாட்டியை அடுத்தடுத்து மணந்தவர்கள்! அவள் தைரியசாலிதான்.

இந்தக் கண்ணாடி தப்பியதே அற்புதம். சில மைல் தள்ளியுள்ள சஃபோக்கில், 1644இல், வில்லியம் டவ்சிங் என்பவர் பாராளுமன்ற ஆணையின் பேரில் கோவில் கோவிலாகப் போய்ப் படங்களை உடைத்தார். எங்கே எத்தனை என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். உடைத்த கூலி 6 ஷில்லிங் 8 பென்ஸை அந்தந்தக் கோவிலிடமே வசூலித்தார். அதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய அளவுக்கு இருந்தது.

ஈஸ்ட் ஹார்லிங் மாதாவோ பண்ணையார் மாளிகையின் பரணில் கிடந்தாள். 1736இல்தான் கண்ணாடிகளை மீண்டும் கோவிலில் பொருத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுக்குப் பயந்து மறுபடி கழற்றி, 1947இல் மறுபடி ஏற்றினார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். விரிசல் விட்ட இடத்திலெல்லாம் ஈயப்பட்டை கொடுத்து இணைப்பது பழைய முறை; அதனால் ஒட்டுப்போட்டது மறைவதில்லை. வியாகுல மாதா மடியில் மகனைக் கிடத்தியிருக்கும் படத்தின் முன் வந்ததும் என் விரல் மணியிலேயே நின்றுவிட்டது. அருள் நிறைந்த மந்திரம் எத்தனையாவது என்று எண்ணிக்கை தவறிப்போனது.

வெளியே வந்தபோது தம்பியைக் காணவில்லை. திரும்பி எட்டிப் பார்த்தால், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சாளரத்தை அண்ணாந்து பார்த்தபடி உள்ளே நிற்கிறான்.