தில்லி எருக்கும் நம்மூர் வெள்ளெருக்கும்

விநாயகர் சதுர்த்திக்கு வெள்ளெருக்கம்பூ மாலை தொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னதால், தில்லி மயூர் விகாரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தரிசில் செழித்து நின்ற செடியை நேற்றுக் காலை நெருங்கிச் சென்று பார்த்தேன். தடித்த சாம்பல்பச்சை இலை, கிள்ளினால் வடியும் பால் என எல்லாம் எருக்கின் அடையாளமாகவே இருந்தும் பூ மட்டும் உறுத்தியது. நம்மூர் எருக்கின் ஐந்து இதழ்களும் நன்கு விரிந்து பின்னோக்கி வளைந்திருக்கும். நிறம் இளம் ஊதாவாகவோ முழு வெண்மையாகவோ இருக்கும். இங்கேயோ இதழ்கள் கிண்ணம்போல் நிமிர்ந்து நிற்க, வெண்மையின் நுனியில் மட்டும் அடர் ஊதா தீட்டியிருந்தது. மொட்டும் கூம்பாக இல்லாமல் உருண்டையாக இருந்தது. இதன் அறிவியல் பெயர் கலோட்ராபிஸ் புரோசெரா; நம்முடையது கலோட்ராபிஸ் ஜைஜான்டியா. வறண்ட வடமேற்கு இந்தியாவில் பரவலாக வளரும் இதை இந்தி பேசுபவர்கள் ஆக் என்றும் மதார் என்றும் அழைத்துச் சிவனுக்குச் சாத்துகிறார்கள். ஆகவே வெண்மை தெரிந்த மாத்திரத்தில் வெள்ளெருக்கு என்று முடிவுகட்டுவது தவறு (நானும் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் நம்பியிருந்தேன்). அம்மாவோ, "இதுவும் எருக்குதானே, பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று சொல்லிவிட்டார். புறநானூற்றின் 106ஆம் பாடலில் கபிலரும் எருக்கம்பூவைக் கடவுள் மறுப்பதில்லை என்றே சொல்கிறார். பறிப்பவர்கள் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.