பேரணாம்பட்டு தையல், ஆம்பூர் கட்டிங்: நாங்கள் கூட்டுத் தொழில் போட்ட கதை

எங்கள் யூனிட்டில் எட்டுத் தையல் மெஷின். பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்துக்கான தோல் பட்டை, இவ்வளவுதான் செய்கிறோம். ஊர் பேரணாம்பட்டு. பதினான்கு வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துவிட்டு, நகையை அடகு வைத்து நாலு மெஷினோடு ஆரம்பித்தேன். தைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருத்தி ஷூ கம்பெனியில் தைத்துப் பழகியவள். கட்டிங்குக்கு மட்டும் அடுத்தவர் வாசலில்தான் நிற்க வேண்டும். தோலை வெட்டுகிற கிளிக்கிங் மெஷின் வாங்க அன்றைக்குக் கையில் காசில்லை. கூட்டு என்கிற யோசனை அப்படித்தான் வந்தது. இரண்டு தடவை கூட்டுப் போட்டிருக்கிறேன். முதலாவது ஏழே மாதம். இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் கூட்டு, என்னோடு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த ஓர் அண்ணனோடு. தோல் வாங்குவது, ஆர்டர் பிடிப்பது அவர். கட்டிங் கூலிக்குக் கொடுத்துத் தைத்து முடிப்பது நான். "பாதிக்குப் பாதிம்மா" என்றார், தலையாட்டினேன். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை கீழே வருகிறது.

1,200 பர்ஸ் ஆர்டர், டான் கலர், அதாவது வெளிர் பழுப்பு. பர்ஸுக்கு ஒரு சதுர அடி என்று வைத்து, வேஸ்டேஜ் பத்து சதவீதம் போட்டுக் கணக்குக் கொடுத்தேன். வந்த தோலில் உண்ணி கடித்த தழும்பும் ஓட்டையும் அதிகம். வேஸ்டேஜ் இருபதைத் தாண்டியது. தோல் பற்றவில்லை. அண்ணன் அதே தோல்ஷாப்பில் அதே கலர் சொல்லி இன்னொரு லாட், அதாவது வேறு தடவை சாயம் போட்ட தோல், வாங்கி வந்தார். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு டிரம்மில் சாயம் ஏறுகிற மாதிரி அடுத்த டிரம்மில் ஏறாது. எனக்கும் தெரியும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவசரத்தில் வெட்டி வந்த துண்டுகளை ஒரே கூடையில் போட்டுவிட்டோம். முன்பக்கம் ஒரு லாட், பின்பக்கம் ஒரு லாட் என்று தைத்து முடிந்தது.

சரக்குப் பார்க்க வந்தவர் பத்துப் பர்ஸை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். காலை பதினொரு மணி வெயில். கைப்பிடிச் சுவரில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தார். ஒரு பக்கம் வெல்லம், ஒரு பக்கம் கருப்பட்டி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் எடுத்தார். மொத்தம் 340 பர்ஸ் ரிஜெக்ட். ஒன்றின் அடக்கம் 180 ரூபாய் வீதம் 61,200 ரூபாய்.

"நீ ஏம்மா லாட்டைக் கலந்தே" என்றார் அண்ணன். "நீங்க ஏன் வேற லாட் வாங்கினீங்க" என்றேன். இரண்டும் உண்மைதான். பில்லில் பிடித்தம் போக மீதிப் பணம் அவர் கணக்கில் வந்தது, அவர் போட்ட கணக்குப்படி எனக்கு ஒரு தொகை கொடுத்தார். அந்தக் கணக்கைக் கேட்க எனக்கு என்ன வழி என்று ஆடிட்டரிடம் போனபோதுதான் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வாய்ப்பேச்சில் போட்டதும் கூட்டுத்தான். எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு. ஆனால் பதிவு செய்யாத கூட்டு, பணம் தராத வியாபாரி மேல் வழக்குப் போட முடியாது. கூட்டாளிகளும் ஒருவர் மேல் ஒருவர் ஒப்பந்த உரிமை கேட்டுப் போக முடியாது. கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்குக் கேட்கவும் மட்டும் போகலாம். 61,000 ரூபாய்க்கு யார் அலைவது? விட்டுவிட்டேன். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

இரண்டாவது ஆள் ஆம்பூர் பாய். அவரிடம்தான் கட்டிங்கைக் கூலிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிளிக்கிங் மெஷின், தோலைச் சீவி மெலிசாக்குகிற ஸ்கைவிங் மெஷின் ஒன்று வைத்திருந்தார். தோலைக் கையால் தடவியே எங்கே இழுக்கும், எங்கே இழுக்காது என்று சொல்லிவிடுவார். பெல்ட்டைத் தோலின் முதுகுப் பக்கமே வெட்டுவார், வயிற்றுப் பக்கம் டையை, அதாவது வெட்டுகிற அச்சை, வைக்கவே மாட்டார். அங்கே வெட்டினால் பெல்ட் நாளடைவில் நீண்டுவிடும். சேர்ந்து செய்யலாமா என்று நான்தான் கேட்டேன். டீ வந்தது. பாதி குடித்துவிட்டு அவர் கேட்டது இதை:

"பங்கு அப்புறம் பேசலாம்மா. சரக்கு திரும்பி வந்தா யார் தலையில விழும்? அதைச் சொல்லு மொதல்ல."

முன்பு பட்டதை அவரிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை. அவரும் எங்கோ பட்டிருப்பார் போல.

உடனே நிறுவனம் தொடங்கவில்லை. ஆடிட்டர்தான் நிறுத்தினார். கூட்டு நிறுவனத்துக்குத் தனிநபர் போல வருமான வரி விலக்கு வரம்பு கிடையாது, லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். "உங்க ரெண்டு பேர் வருமானத்துக்கு இப்போதைக்கு இது தேவையா? ஒரு வருஷம் ஆர்டர் ஆர்டரா ஒப்பந்தம் போட்டுச் செய்யுங்க, ஒத்துப்போகுதான்னு பாருங்க" என்றார். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆர்டரோடு பிரிந்துவிடலாம். அப்படியே செய்தோம். அவரவர் ஜிஎஸ்டி, அவரவர் கணக்கு. போகிற வருகிற சரக்குக்கு டெலிவரி சலான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கத் தாள்.

அந்தத் தாளில் ரிஜெக்ஷனை மூன்றாகப் பிரித்தோம். தோலில் குறை என்றால், அதாவது ஷேடு, தழும்பு, சுருக்கம் என்றால், பார்த்து வாங்கி வெட்டிய பாய் கணக்கு. தையல், பசை ஒட்டும் பேஸ்டிங், ஓரத்தில் பூசும் எட்ஜ் கலர் என்றால் என் கணக்கு. வாங்குபவர் நடுவில் டிசைனை மாற்றினாலோ, எதில் சேர்ப்பது என்று தெரியாவிட்டாலோ இருவருக்கும் பாதி. லாட் வந்ததும் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வெட்டி அட்டையில் ஒட்டி, இருவரும் வெயிலில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை இல்லாத தோல் என் மெஷினுக்கு வராது. இதை எழுத ஒரு மாலைப்பொழுது ஆனது. வேறெதற்கும் நாங்கள் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. பாய் யூனிட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு, எங்களுக்கு ஞாயிறு. முதல் ஆர்டரிலேயே வாரத்தில் இரண்டு நாள் வேலை நின்றது. வெள்ளி என் ஆட்கள் துண்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், தினக்கூலி ஓடும். லீவை மாற்றச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை, வரவும் கூடாது. கடைசியில் வியாழன் சாயங்காலம் இரண்டு நாள் துண்டு வெட்டி ஆட்டோவில் அனுப்புவது என்று முடிவானது. ஆட்டோ வாடகை பொதுச் செலவு.

மூன்று ஆர்டர், பதினோரு மாதம். பிறகுதான் கூட்டு நிறுவனத்துக்கான பத்திரம். அதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் மெஷின்தான். நான் என் எட்டு மெஷினையும் அவர் அவருடையதையும் மூலதனமாகப் போடுவது என்று பேசி வைத்திருந்தோம். வக்கீல் கேட்டார்: "பிரிஞ்சா உங்க மெஷின் உங்களுக்கு வேணுமா?" இதென்ன கேள்வி என்று பார்த்தேன். முதலாகக் கொண்டுவந்து போட்டால் அது நிறுவனத்தின் சொத்து. கலைக்கும்போது கடனை அடைத்து மிச்சத்தைப் பணமாகத்தான் பிரிப்பார்கள், "என் மெஷின்" என்று எடுத்துக்கொண்டு போக முடியாது என்றார். நகை அடகு வைத்து வாங்கிய முதல் நாலு மெஷின் கண்ணுக்குள் வந்தது. அதனால் மெஷின் அவரவருக்கே சொந்தம், நிறுவனம் மாத வாடகை கொடுக்கும் என்று மாற்றினோம். ஒவ்வொரு மெஷினின் சீரியல் நம்பரும் பத்திரத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்து நம்பர் படித்தது நான்தான். ஒன்றில் நம்பரே அழிந்துபோயிருந்தது. "இடது கால் வெல்டிங் வைத்த மெஷின்" என்று எழுதினோம். வக்கீல் சிரித்தாலும் எடுக்கவில்லை.

இன்னொன்று சாவு. சொல்லவே சங்கடம். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் கூட்டு அதோடு முடிந்தது. பாய் தன் மகனைச் சேர்க்கலாம் என்றார். அவர் பக்கம் இரண்டு, என் பக்கம் ஒன்று என்று ஆகிவிடும். இரண்டு நாள் தூங்கவில்லை, பிறகு நேராகவே சொன்னேன்: "பாய், அப்போ என் தங்கச்சியையும் சேர்த்துக்கறேன்." அவர் உடனே, "அதான் சரி, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். சொல்லணும் என்று இருந்தாரா, நான் கேட்ட பிறகு அப்படித் தோன்றியதா, தெரியாது. பங்கு 40, 40, 10, 10 சதவீதம் என்று ஆனது.

கூட்டாளிகளுக்குச் சம்பளம், முதலுக்கு வட்டி இரண்டும் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் நிறுவனச் செலவாகக் கழிக்க முடியும், வட்டி 12 சதவீதம் வரைதான். 2025 ஏப்ரலிலிருந்து அந்தச் சம்பளமும் வட்டியும் வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். இதெல்லாம் ஆடிட்டர் வேலை, நான் தலையிடுவதில்லை.

பதிவு வேலூர் மாவட்டப் பதிவாளரிடம். என் யூனிட் முகவரியை முதன்மை இடமாகக் காட்டியதால் இந்தப் பக்கம்; ஆம்பூர் 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வங்கிக் கணக்கு தொடங்கத்தான் இழுத்தது. தப்பு எங்களுடையது. பாயின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் இன்னொரு மாதிரி, இடையில் ஓர் எழுத்து கூடுதல். அதைத் திருத்தி வரவே ஒரு மாதம் போனது. கூட்டு யோசிப்பவர்கள் பத்திரத்துக்கு முன்னால் எல்லோருடைய அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நிறுவனத்துக்குப் புது பான், புது ஜிஎஸ்டி, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் புதிது. என் பழைய உத்யம் எண் இதற்குச் செல்லாது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது கையில் இருந்தால் வாங்குபவர் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கச் சட்டப்படி முடியாது. தாண்டினால் வட்டி கேட்கலாம். நாங்கள் கேட்டதில்லை, பில்லின் அடியில் அச்சடித்து மட்டும் வைத்திருக்கிறோம். வசூல் பாய் பொறுப்பு. அவர் குரலுக்குப் பணம் வருகிறது, என் குரலுக்கு வருவதில்லை.

செக்குக்கு இருவர் கையெழுத்து. பத்தாயிரத்துக்குள் என்றால் ஒருவர் போதும். மாதக் கடைசி ஞாயிறு கணக்குப் பார்ப்பது ஆம்பூரில். பாய் வீட்டுச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வந்த பிறகு கணக்கு ஓடாது என்பதால், காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

போன மாதம் பெல்ட் ஆர்டரில் 22 உருப்படி திரும்பி வந்தது. பக்கிள் பக்கம் தையல் பிரிந்திருந்தது. என் கணக்கு. இல்லை, தோல் அந்த இடத்தில் மெலிசாக ஸ்கைவ் ஆகியிருக்கிறது, அதனால்தான் நூல் பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். ஸ்கைவிங் பாய் மெஷின். ஒரு பெல்ட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். விரல் இடுக்கில் வைத்துத் தடவிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தடவினார்.

"பாதி பாதி போடும்மா" என்றார். நோட்டில் மூன்றாவது கட்டத்தில் எழுதிக்கொண்டேன். ஸ்கைவிங் கனத்துக்கும் இனி அட்டை வைக்க வேண்டும் என்று அதற்குக் கீழேயே குறித்திருக்கிறேன். இந்த ஞாயிறு பேச வேண்டும்.