‘ஆம்’ என்று எழுதிய இரண்டு இடங்கள்

அடித்ததைச் சமரசம் செய்துகொள்ளலாம், திட்டியதைச் செய்துகொள்ள முடியாது. ராணுவ அதிகாரி ஆவதற்கு முன் நான் கற்ற முதல் சட்டப் பாடம் இதுதான்.

2018 பொங்கலை ஒட்டி எங்கள் ஊரில் மஞ்சுவிரட்டு நடந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். எனக்கு வயது பத்தொன்பது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒரு காளையை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்களா, ஒருவரே பிடித்தாரா என்று தொடங்கிய பேச்சு, பொழுது சாய்வதற்குள் கைகலப்பாகிவிட்டது. காளைக்காரர் எனக்கு மாமன் முறை. அவருடைய உதடு கிழிந்தது என் கையால்தான். அன்றிரவே புகார் கொடுத்தார். ஏழு பேர் மீது எஃப்.ஐ.ஆர். பதிவானது. இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1): பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது. அப்போதெல்லாம் தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சண்டையின் காகிதத்தைப் பிரித்தாலும் பெரும்பாலும் இந்த மூன்று எண்கள் வரிசையாக நின்றன. மூன்றும் பிணையில் விடக்கூடிய பிரிவுகள் என்பதால் காவல் நிலையத்திலேயே பிணை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிறைக்குப் போகவில்லை, ஆகவே இது கைதே அல்ல என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு முதல் வாய்தாவுக்குப் போனோம். அங்கே வராந்தாவில் ஒருவர், எந்த வழக்கறிஞரின் குமாஸ்தா என்று தெரியாது, மிகுந்த அன்போடு யோசனை சொன்னார். “குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போங்கள் தம்பி. எதற்கு அலைச்சல்?” ஆறு பேருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும்தான். 323-க்கு அப்போது அதிகபட்ச அபராதமே ஆயிரம் ரூபாய்தான். எங்கள் வழக்கறிஞர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, “நீ என்ன படிக்கிறாய், அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டார். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதப் போகிறேன் என்றேன். “அப்படியானால் அபராதம் கட்டாதே. அபராதமும் தண்டனைதான். கட்டிய நிமிடத்திலிருந்து நீ தண்டனை பெற்றவன். ஐந்து வருடம் கழித்து ஒரு படிவம் அதைக் கேட்கும்” என்றார்.

புகார் கொடுத்தவர் சம்மதித்தால் 323, 506(1) இரண்டையும் நடுவர் மன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். 294(பி)-க்கு அந்த வசதி இல்லை. உதடு கிழிந்ததை மாமா மன்னிக்கலாம். நாங்கள் அவருடைய வம்சத்தைத் திட்டியதை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை! உயர் நீதிமன்றம்தான் வழக்கையே ரத்து செய்ய வேண்டும். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 528.

மற்ற ஆறு பேரும் அபராதம் கட்டிவிடாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் எவனாவது இதைப் படித்தால், “சொல்லிக்காட்டுகிறான்” என்று சிரிப்பான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒருவன் திருப்பூரில் தையல் வேலையில் இருந்தான். ஒவ்வொரு வாய்தாவும் அவனுக்கு ஒரு நாள் கூலி.

மாமாவைச் சம்மதிக்க வைத்தது என் அப்பா. எப்படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. 2019-இல் ஒரு காலை, புகார்தாரரும் எதிரிகள் ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். ஒத்தக்கடையில் இறங்கி, ஒரே மேசையில் இட்லி சாப்பிட்டு, உயர் நீதிமன்றக் கிளைக்குள் போனோம். “என்ன மாப்பிள்ளை, என் உதட்டைக் கிழித்த கையால்தான் எல்லையைக் காக்கப் போகிறாயா?” என்று மாமா கேட்டதும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சமரச மனுவில் எல்லோரும் கையெழுத்திட்டோம். எங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வழக்கு ரத்தானது. ஆளுக்கு ஒரு தொகையை ஒரு முதியோர் இல்லத்துக்குச் செலுத்த வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது.

வழக்கறிஞர் ஐந்து சான்றிட்ட நகல்கள் வாங்கச் சொன்னார். ஒன்று போதாதா என்றேன். “வாங்கி வை” என்றார்.

அதன்பின் தேர்வு. இந்திய ராணுவத்தின் குறுகிய காலப் பணிக்கு, அதாவது சென்னைப் பறங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண், இரண்டு மணி நேரம். டேராடூன் அகாடமிக்குக் கணிதமும் சேரும். கணிதம் எனக்குச் சரிவராது. தவிரவும், சென்னை போகும் ரயிலில் எத்தனையோ முறை பறங்கிமலையைக் கடந்திருக்கிறேன். அங்கே இறங்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு முறையும் வந்தது.

எழுத்துத் தேர்வைவிடக் கடினம், அதில் தேறியவர்களை நேரில் சோதிக்கும் எஸ்.எஸ்.பி. பெங்களூரு கப்பன் சாலையில் உள்ள தேர்வு மையத்தில் ஐந்து நாட்கள். முதல் நாளே பெரும்பகுதியினர் ‘ஸ்கிரீன் அவுட்’ ஆகி அன்றே பெட்டியைத் தூக்குவார்கள். மிஞ்சியவர்களுக்கு மறுநாள் உளவியல் சோதனை. அறுபது சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கடைசியில் பதினைந்து நிமிடம் தன்னைப் பற்றி எழுத வேண்டும்: பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள், நண்பர்கள், நீயே என்ன நினைக்கிறாய். பிறகு வெளியே குழுப் பணிகள், நேர்காணல், ஐந்தாம் நாள் மதிப்பீட்டாளர்கள் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸ். உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியே மதிப்பிடுவார்கள். மனம், சொல், செயல் மூன்றும் ஒரே ஆளுடையவையா என்று பார்ப்பதாக அங்கே சொல்வார்கள்.

முதல் முறை போனபோது வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. பயிற்சி மையத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கேட்டால் மட்டும் சொல், கேட்கவிடாமல் பார்த்துக்கொள். நேர்காணலில் ஊரைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியையும் திருவிழாப் பக்கம் போகவிடாமல் திருப்புவதிலேயே என் கவனம் செலவானது. கான்ஃபரன்ஸில் என்னைக் கழித்துவிட்டார்கள். அதனால்தான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், குழுப் பணியிலும் நான் சுமார்தான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் காளையை விட்டுவிட்டு வாடிவாசலைக் காவல் காத்தவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

2021 பிப்ரவரியில் மீண்டும் எழுதி, மீண்டும் கப்பன் சாலை. நேர்காணல் அதிகாரி என் மாவட்டத்தைப் பார்த்துவிட்டு முதலிலேயே கேட்டார்: உங்கள் பக்கம் மஞ்சுவிரட்டு உண்டல்லவா, நீ இறங்கியிருக்கிறாயா? இந்த முறை திருப்பவில்லை. சண்டை, எஃப்.ஐ.ஆர்., ரத்து உத்தரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எந்தப் பிரிவு என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. “காயம்பட்டவரை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போனது?”

எனக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளாக அந்த வழக்கைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. “தெரியாது சார். நான் ஓடிவிட்டேன்” என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அத்தோடு என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் தேர்வானவர்களில் என் மார்பு எண்ணையும் படித்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மாமாவிடம்தான் முதலில் போனேன். அன்றைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனது என்று கேட்டேன். “உன் அப்பாதான், டி.வி.எஸ். ஃபிஃப்டியில். தையல் போடும்வரை வெளியே நின்றார். அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டார்.” அதாவது, என் மீது புகார் கொடுக்க வந்தவரை வண்டியில் ஏற்றிப்போனது என் அப்பா! அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் இதைப் பற்றிப் பேச இரண்டு முறை வாயெடுத்தேன். “ரசம் ஊற்றவா?” என்றார்.

மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல் இரண்டும் நல்லபடியாகவே முடிந்தன. பிறகு வந்தது வழக்கறிஞர் சொன்ன படிவம். மேலேயே எச்சரிக்கை: பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்பு. கீழே வரிசையாகக் கேள்விகள்: எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை பெற்றீர்களா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வழக்கே ரத்தாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடு. நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் வழக்கறிஞருக்குப் போன் செய்தேன். “கேள்வியை ஒழுங்காகப் படி. வழக்கு இருக்கிறதா என்றா கேட்கிறார்கள்? எப்போதாவது என்று கேட்கிறார்கள்” என்றார். நிலையப் பிணையில் விட்டிருந்தாலும் குற்றப்பத்திரிகையில் கைது என்றே இருந்தது. ஆகவே கைது: ஆம். வழக்கு: ஆம். நன்னடத்தைப் பிணை: இல்லை, அடுத்த பொங்கலுக்கு முன் ஊரில் சிலரிடம் எழுதி வாங்கினார்கள், நான் விடுதியில் இருந்ததால் தப்பினேன். அபராதம் என்ற இடத்தில் அரைமணி நேரம் நின்றேன். முதியோர் இல்லத்துக்குக் கட்டிய தொகை அபராதமா? இல்லை என்று வழக்கறிஞர் உறுதியாகச் சொன்னார். அதற்கும் ‘இல்லை’ எழுதினேன். ஆனால் தனித்தாளில் அந்த வரியையும் அப்படியே குறிப்பிட்டு, உத்தரவின் நகலை இணைத்தேன்.

அவர் சொல்லித்தான் அவதார் சிங் வழக்கைப் படித்தேன். 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. கைது, வழக்கு பற்றிய தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளவயதில் செய்த அற்பமான குற்றங்களை வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டாலே வேலை கொடுத்தாக வேண்டும் என்பதில்லை, முன்நடத்தையைப் பரிசீலிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தக் கடைசிப் பகுதி என்னைத் தூங்கவிடவில்லை. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வில் விதி இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவர்களைக்கூட வழக்கில் தொடர்புடையவர்களாகவே பார்க்கும். அங்கே விண்ணப்பித்திருந்தால் என் கதை எப்படிப் போயிருக்குமோ.

சிக்கல் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. சரிபார்ப்புக்கு வந்த தனிப்பிரிவுக் காவலர், கணினியில் வழக்கு விசாரணையில் இருப்பதாகக் காட்டுகிறது என்றார். ரத்தாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலையத்தில் யாரும் அதைப் பதிவேற்றவில்லை. அறிக்கை அப்படியே போயிருந்தால், ‘நிலுவை: இல்லை’ என்ற என் பதில் பொய்யாகியிருக்கும். மறுநாள் காலை சான்றிட்ட நகலோடு நிலையத்துக்குப் போனேன். எழுத்தர் விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நகலை வாங்கிக்கொண்டு, ஒப்புகைக் கையெழுத்துப் போட மறுத்தார். அப்பா ஒன்றும் பேசாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது.

அந்தக் காவலர் எங்கள் தெருவிலும் விசாரித்தார். தெருவில் முதல் வீடு மாமாவுடையது. “பையன் எப்படி?” என்று அவரிடமே கேட்டிருக்கிறார். “நல்ல பையன். கை கொஞ்சம் நீளம், அதற்குத்தானே பட்டாளத்தில் எடுத்திருக்கிறார்கள்” என்றாராம்.

2022-இல் பறங்கிமலையில் இறங்கினேன். ஆவணங்களை வாங்கிய மேசையில் இருந்த ஹவில்தார், தனித்தாளையும் உத்தரவையும் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி, அடுத்தவனைக் கூப்பிட்டார். ஐந்து நகல்களில் படிவத்தோடு ஒன்று போனது, நிலையத்துக்கு ஒன்று போனது. மீதி மூன்றும் என் கறுப்பு டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே இருக்கின்றன.