அடிஷம் பங்களாவில் அம்மாச்சி

2024 ஆகஸ்ட் 17, சனி

நாளைக்கு அம்மாச்சியை அப்புத்தளைக்குக் கூட்டிப்போகிறேன். அடிஷம் பங்களா பார்க்கணும் என்று மூன்று வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வார இறுதி, போயா (பௌர்ணமி விடுமுறை), பள்ளி லீவு நாட்களில்தான் உள்ளே விடுவார்கள், எனக்கோ அந்த நாட்களில்தான் டியூசன் வகுப்பு. இந்த வாரம் வகுப்பை நிறுத்திவிட்டேன். அம்மாச்சிக்கு வயசு 84, இனியும் தள்ளிப்போட முடியாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு, இரவு

ஹட்டனில் ரயில் ஏறும்போது தூறல். பட்டிப்பொல தாண்டி அந்தச் சுரங்கத்தைக் கடந்ததும் வெயில் வந்துவிட்டது, ஊவாப் பக்கம் எப்போதும் அப்படித்தான். அப்புத்தளையிலிருந்து ஆட்டோ.

வீடு முழுக்கக் கருங்கல். கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத்திலும் பிறகு கொழும்பு வர்த்தகத்திலும் பெரிய ஆளானவர், இங்கிலாந்துப் பிரதமராக இருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன். கென்ட்டில் தான் பிறந்த ஊரின் பெயரையே 1931இல் இந்த வீட்டுக்கு வைத்தார். அறுபதுகளிலிருந்து இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். நமக்குத் திறந்திருப்பது வரவேற்பறையும் நூலகமும் மட்டும்தான். புத்தகமும் நாற்காலியும் அவர் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன.

நான் அலமாரிப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் அம்மாச்சி சுவரோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் பெருவிரலால் தரைப் பலகையின் இடுக்கை மெதுவாகத் தடவிக்கொண்டிருக்கிறார். பர்மாத் தேக்கு. "இடுக்குல மெழுகு கட்டி நிக்கல பாரு, நல்லாத் தேய்க்கிறாங்க" என்றார். பதின்மூன்று வயசில் வேறொரு தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்திய துரையின் பங்களாவில் வேலைக்கு நின்றவர் அம்மாச்சி. முட்டி போட்டுத் தேங்காய்ப் பொச்சு மட்டையால் தரை தேய்த்த கதையை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவர் வாயால் கேட்டது இன்றைக்குத்தான்.

அப்புறம் கேட்டார், "குசினி எந்தப் பக்கம்?"

சமையலறைப் பக்கம் விடமாட்டார்கள் என்று சொன்னேன். துறவிகள் வாழும் இடம், அது நியாயம்தான். ஆனாலும் அம்மாச்சி முகம் வாடிப்போனது. அவருக்குப் பங்களா என்றால் குசினியும் பின்கட்டும்தான், இந்த மண்டபத்தில் தரையைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரிந்ததாக இல்லை. எனக்கு அது இன்னும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

வெளியே துறவிகள் செய்து விற்கிற ஜேம் ஒரு போத்தல் வாங்கினோம்.

ஆகஸ்ட் 21, புதன்

மூன்று நாளாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் அம்மாச்சி பேசுவதைப் பதிவு செய்கிறேன். காலை நாலரைக்கு அடுப்பு மூட்டி, துரை குளிக்கத் தண்ணீர் காயவைக்கணும். வெள்ளிக் கரண்டியில் சாம்பல் படக்கூடாது, கீறிவிடும். துரையின் மனைவி தொரசாணி தும்மினால்கூட, பங்களாவின் தலைமை வேலைக்காரரான அப்புவுக்குத்தான் ஏச்சு, அப்பு அதைக் கொண்டுவந்து இவர்கள்மேல் இறக்குவார். அதே அப்புதான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அம்மாச்சியின் தம்பி காய்ச்சலாகக் கிடந்தபோது மிஞ்சின ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாராம். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது, லயன் அறைகளிலேயே. அடுத்த பயணம் அங்கேதான். அம்மாச்சியிடம் ஒரு தகரப் பேணி இருக்கிறது, பங்களா மெழுகு வந்த பேணி, வேலையை விட்டு வரும்போது அப்பு கொடுத்தது. மூடி நசுங்கி, எழுத்தெல்லாம் அழிந்து, உள்ளே இப்போது வெற்றிலையும் பாக்கும். அதை அங்கே கொடுக்கலாமா என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுக்கலாம். ஆனா வெத்தலைய எதுல வைக்கிறது?"

நாளைக்கு ஹட்டன் டவுனில் ஒரு வெற்றிலைப் பெட்டி பார்க்கணும்.